முதல் இரவுக்கான பை: கண்டாவளைப் பக்கத்து வெள்ளமும் ஒரு குடும்பமும்

வன்னியில் அவசரப் பை இல்லாத வீடு குறைவு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பழகிய சனம். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் கொழுவி வைப்பது இங்கே கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தால் தப்பிய குடும்பங்கள் நிறைய. ஆனால் அது கடதாசியைக் காப்பாற்றக் கட்டிய பை. விடியும்வரை உடம்பைக் காப்பாற்ற அதற்குள் என்ன இருக்கிறது? ஒரு குடும்பத்துக்கு ஓர் இரவில் நடந்ததை வைத்து அதைப் பார்க்கப் போகிறோம். குடும்பத்தின் பெயரும் குறிச்சியும் இங்கே தேவையில்லை. கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளைப் பிரதேசம் என்பது போதும்.

2018 டிசெம்பர் 21 இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கொட்டிய மழையில் இரணைமடுக் குளம் நிரம்பி, வான் கதவுகள் திறக்கப்பட்டன. அங்கிருந்து வெளியேறும் தண்ணீர் கனகராயன் ஆற்றோடு சேர்ந்து சுண்டிக்குளம் பக்கமாகத்தான் போகவேண்டும். போகிற வழியில் கிடக்கும் தாழ்நிலமெல்லாம் அதன் பாதை. பத்து வருடத்துக்கு முன், 2008 நவம்பரில், நிஷா புயலின்போதும் வன்னி வெள்ளத்துக்குள் கிடந்தது. ஆகவே வெள்ளம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. புதிதாக இருந்தது அது வந்த வேகமும் நேரமும்.

அந்த இரவு

வீட்டில் நாலு பேர். தாய், பதினொரு வயது மகன், மூன்று வயது மகள், எழுபதை நெருங்கும் அம்மம்மா. தகப்பன் மேசன் வேலைக்கு வவுனியாவுக்குப் போயிருந்தார். அம்மம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிறஷரும் உண்டு. மாதா மாதம் கிளினிக்.

நடுச்சாமம் தாண்டி நாய் விடாமல் குரைத்ததில் தாய் எழும்பிக் காலை வைத்த இடம் ஈரம். விறாந்தைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. படலையடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கணுக்காலைத் தொட்டது. மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போவதென்று முடிவு. மகளைத் தாய் இடுப்பில் தூக்கினார். அம்மம்மா பொல்லை எடுத்தார். "அப்பன், பையை எடு. பத்திரமெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு" என்று பேரனுக்குச் சொன்னதும் அவர்தான்.

பை தகப்பன் கட்டி வைத்தது. நல்ல உழைப்பாளி, பொறுப்பான மனிதர், ஒன்றையும் விடாமல் யோசித்துத்தான் கட்டியிருந்தார். ஆனால் பைப் பட்டியை அவருடைய தோளுக்கு அளவாக விட்டிருந்தார். பையனின் முதுகில் அது இடுப்புக்குக் கீழே தொங்கியது. ஒழுங்கையில் ஓடிய தண்ணீர் பையின் அடியில் பிடித்து அவனைப் பின்னுக்கு இழுத்தது. இரண்டு இடத்தில் விழப் பார்த்தான். மதகடியில் நின்று, தாய் ஒரு கையால் இரண்டு பட்டிகளையும் சேர்த்து முடிச்சுப் போட்ட பிறகுதான் அவனால் நேராக நடக்க முடிந்தது. பகலில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடக்கிற தூரம். அன்றைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஏற்கெனவே சனம். மின்சாரம் இல்லை. நாலு பேரும் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்கள். பையைத் திறந்தார்கள்.

பைக்குள் இருந்தது

வெள்ளம் வடிந்து அவர்கள் வீடு திரும்பிய பிறகு, எங்கள் கிராம அனர்த்த முகாமைத்துவக் குழுவின் வேலையாக அந்த வீட்டுக்குப் போனோம். பையைப் பாயில் கொட்டி, எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று அவர்களோடு இருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

பத்திர ஃபைல் முதலாவது. இரண்டு சொப்பிங் பைகளுக்குள், வாயை முறுக்கி றப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருந்தது. ஒரு துளி ஈரம் இல்லை. காணி அனுமதிப் பத்திரம், பிறப்புப் பத்திரங்கள், சின்னவளின் வளர்ச்சிப் பதிவேடு எல்லாம் சுகம். அந்த ஒன்றில் தகப்பனின் அனுபவம் பேசியது.

மற்றது எல்லாம் நனைந்திருந்தது. சிப் வழியாகவும் தையல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போயிருந்தது. போர்வை நீரைக் குடித்துப் பாரமாகக் கிடந்தது. தீப்பெட்டி கரைந்துவிட்டது, அதனால் ஐந்து மெழுகுதிரியும் வீண். பெரிய ரோச் லைட்டைத் திறந்தால் பற்றரிகள் கசிந்து, சுருள் கம்பியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. போட்ட பற்றரியைப் பல மாதமாக வெளியே எடுக்காததன் விளைவு. ஒரு கிலோ அரிசி, பால்மா பக்கற், அரைக் கிலோ சீனி, தடித்த கயிறு, கத்தி, டெட்டோல் போத்தல், ஒரு கார்ட் பனடோல், இரண்டு லீற்றர் தண்ணீர். மொத்தம் 7 கிலோவுக்குக் கிட்ட வரும். நனைந்த பிறகு இன்னும் கூட.

பதினொரு வயதுப் பிள்ளை 30 கிலோ என்று வைத்துக்கொண்டால், பிள்ளை சுமக்கக்கூடிய பை அதன் நிறையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து 15 வீதம் வரை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதாவது 3 முதல் 4½ கிலோ. அவன் சுமந்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் ஓடுகிற தண்ணீரில்.

அரிசிக்கு அடுப்பு இல்லை. பால்மாவுக்குச் சுடுதண்ணி இல்லை. கத்திக்கும் கயிறுக்கும் அந்த இரவில் வேலை வரவில்லை. குடிதண்ணீர் விடியமுன் முடிந்துவிட்டது. அதுதான் அந்தப் பையில் மிகச் சரியாக வைக்கப்பட்ட பொருள், அளவுதான் காணாது.

குளிர்

வன்னியில் குளிரைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. வெயில் ஊர் என்று நாங்களே சொல்லிக்கொள்கிறோம். ஆனால் உடம்பின் வெப்பம் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது ஆபத்து, அதற்குப் பனி தேவையில்லை. நனைந்த உடுப்பு, காற்று, வெறும் வயிறு, இந்த மூன்றும் போதும். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்ததை இங்கே எல்லோரும் பார்த்தோம். காலையில் பட்டிக்குப் போனவர்கள் கண்டது நோயால் விழுந்த மாடுகளை அல்ல. இரவு முழுக்க மழையிலும் காற்றிலும் நின்ற மாடுகளை. அத்தனை பெரிய உடம்புக்கு அது என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்கு?

சின்னவள் முதலில் நடுங்கினாள். பிறகு நடுக்கம் குறைந்து தூங்கி விழத் தொடங்கினாள். தாய்க்கு அது நல்லதாகப் பட்டது, பிள்ளை அமைதியாகிவிட்டது என்று நினைத்தார். பக்கத்தில் இருந்த ஓர் அக்காவுக்குத்தான் விஷயம் புரிந்தது. நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை சூடு ஏறாமலே நடுக்கத்தை விட்டுச் சோர்ந்தால் அது மோசமான அறிகுறி. நனைந்த சட்டையைக் கழற்றி, தலையைத் துடைத்து, தன்னிடம் காய்ந்து கிடந்த சாரத்தால் சுற்றி, தாயின் வயிற்றோடு தோலில் தோல் படக் கட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுதது. அந்தச் சாரம் 300 கிராம் கூட இராது. ஏழு கிலோப் பையில் அது இல்லை.

என்னைக் கேட்டால் ஆவணத்துக்கு அடுத்தபடியாகப் பைக்குள் போகவேண்டியது, ஆளுக்கு ஒரு காய்ந்த மேலுடுப்பும் பொதுவாக இரண்டு சாரமும். சாரம் துவாயாகும், போர்வையாகும், பெண்களுக்கு உடுப்பு மாற்ற மறைப்பாகும், பிள்ளையைக் கட்டித் தூக்க ஏணையாகும், முறிந்த கைக்குத் தூளியாகும். நல்ல கம்பனித் தூக்கப் பையெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

அதைக் காய்ந்தபடி கொண்டுபோவதுதான் வேலை. பைக்கு மேலே போடும் மழை உறை தூறலுக்குச் சரி, இடுப்பளவு தண்ணீருக்கு உதவாது. உள்ளே உறை வேண்டும். விவசாய வீட்டில் அதற்குக் காசு தேவையில்லை. யூரியா மூட்டைக்குள் இருக்கும் தடித்த பொலித்தீன் உள்பையை நன்றாகக் கழுவிக் காயவைத்து, பைக்குள் விரித்து, உடுப்புகளை அதற்குள் வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை இறுக முறுக்கி, மடித்துக் கட்டவேண்டும். கட்டிய பிறகு ஒரு வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்துவிட்டு வைத்தால் நெஞ்சில் பயம் இராது.

அம்மம்மாவின் சீனி

இந்த நிகழ்வில் மிக முக்கியமான இடம் இது.

அம்மம்மா பின்னேரக் குளிசையைப் போட்டிருந்தார். மழை, பதற்றம், இரவுச் சாப்பாடு ஒரு வாய்தான். பிறகு தண்ணீருக்குள் ஒரு மணித்தியால நடை. விடியப்புறம் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேரனின் பெயரை மாற்றிச் சொன்னார். குளிரும் பயமும் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். குளிர்கிற ஒருவருக்கு வியர்க்காது என்று தாய்க்குத் தட்டியது. கிளினிக்கில் நேர்ஸ் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. பையிலிருந்து சீனியை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரில் மூன்று நாலு கரண்டி கரைத்துப் பருக்கினார். ஒரு கால் மணித்தியாலத்தில் தெளிவு வந்தது.

சீனி வருத்தக்காரருக்குச் சீனி கூடினால் ஆபத்து என்றுதான் எல்லோருக்கும் தெரியும். இரவில் இடம்பெயரும்போது உடனே கொல்லக்கூடியது குறைவதுதான். மெற்ஃபோமின் மட்டும் பாவிப்பவருக்கு இது அரிது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவறவிட்டால் நடக்கும். செய்யவேண்டியது இதுதான்: ஆள் நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் அளவு சீனி, அதாவது மட்டமான மூன்று நாலு தேக்கரண்டி. கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்த்து, சரிவராவிட்டால் திரும்பவும் அதேயளவு. தெளிந்ததும் பிஸ்கற்றோ பாணோ ஏதாவது. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரைக்கேறிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைக்கவேண்டும்.

தேத்தண்ணிக்கென்று வைத்த சீனி உயிரைக் காத்தது. ஆனால் அவருடைய குளிசைகள் பையில் இல்லை, குசினித் தட்டில் இருந்து வெள்ளத்தோடு போய்விட்டன. கிளினிக் கொப்பியும் அப்படியே. அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழு என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டபோது ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "வெள்ளைக் குளிசை, அரைவாசியா உடைக்கிறது" என்றார் அம்மம்மா. அதை வைத்து ஒரு வைத்தியரால் என்ன செய்ய முடியும்?

திரும்பக் கட்டிய பையில் இதற்கு ஒரு வழி செய்தோம். மாதாந்தக் கிளினிக்கில் மருந்து எடுத்து வந்ததும் ஏழு நாளுக்கு உரியதைப் பிரித்து, கார்டை வெட்டாமல், பெயரும் காலாவதித் திகதியும் தெரியும்படி சிப் பைக்குள் போடுவது. அடுத்த மாதம் புதியதை வைத்துவிட்டுப் பழையதைப் பாவிப்பது. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பிரதி எடுத்து அதோடு வைப்பது. பார்க்கச் சின்ன வேலை, ஆனால் கிளினிக் நாளோடு சேர்த்துக் கட்டிவிட்டதால் மறக்காமல் நடக்கிறது.

திரும்பக் கட்டியது

முதல் விதி, ஆள் யாரோ அவருக்குப் பை. இந்த வீட்டில் மாரிகாலத்தில் தகப்பன் அடிக்கடி வெளியில். ஆகவே பையனின் முதுகுக்கு அளவான பழைய பள்ளிக்கூட பாக், பட்டி அவனுக்கு இறுக்கியது, நிறை 4 கிலோவுக்குள். தண்ணீர் பையிலிருந்து பிரிந்தது: ஆளுக்கு ஒரு லீற்றர் போத்தல், தாய்க்கும் அம்மம்மாவுக்கும் தோளில் போடும் கயிற்றோடு. ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதை மறந்து எல்லோருடைய தண்ணீரையும் ஒரு பிள்ளையின் முதுகில் ஏற்றுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

வெளிச்சம் தலையில் கட்டும் லைட். வயல் காவலுக்குப் போகிறவர்களிடம் இருக்கிறதே, அதே வகை. பிள்ளையைத் தூக்கியவருக்கும் பொல்லுப் பிடித்தவருக்கும் ரோச் பிடிக்க மூன்றாவது கை இல்லை. பற்றரி லைட்டுக்குள் இருக்கக்கூடாது, பக்கத்தில் ரேப்பால் சுற்றி இருக்கவேண்டும். இருட்டில் போடத் தெரிகிறதா என்று பையனைக் கண்ணை மூடிப் போடச் சொல்லிப் பார்த்தோம். விசிலும் லைட்டும் பையின் முன் அறையில், கையை விட்டதும் படும்படி. மூன்று ஊதல், இடைவெளி, மூன்று ஊதல் என்றால் உதவி கேட்பது. மழை இரைச்சலில் மனிதக் குரல் அடுத்த வளவுக்கே போகாது, விசில் போகும். முகாமில் இரவு மலசலகூடத்துக்குப் போகும் பெண்பிள்ளைக்கும் அது கையில் இருக்கட்டும்.

அரிசி போய் அவலும் சீனியும் பிஸ்கற்றும் வந்தன. கச்சான் அல்வா ஒரு பக்கற், பிள்ளைகளுக்கு. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூள் நாலு பக்கற்: ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்கவேண்டும், கரைத்தது 24 மணித்தியாலத்துக்குத்தான். அரைப் பக்கற்றைக் கண்மட்டத்தில் கரைப்பது கூடாது. பக்கற் இல்லாத இடத்தில் ஒரு லீற்றருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரீன் போட்டுச் சரி என்று சொல்லும்வரை கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். நன்றாகக் குமிழி விட்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

காலில் போடுவதற்குப் பின்பட்டி உள்ள செருப்பு, பையின் பக்கத்தில் கட்டியபடி. தாயின் பாட்டா அன்றைக்குச் சேற்றில் போய்விட்டது, வெறுங்காலோடுதான் வந்தார். காலில் வெட்டுக்காயம் இருந்தால் வெள்ளத்தில் எலிக்காய்ச்சலுக்கு வாசல் திறந்த மாதிரி. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களை எடுத்தது. தடுப்புக் குளிசை சுகாதாரத் துறையினரிடம் உண்டு, அவர்கள் சொன்னபடி எடுப்பதே சரி, பையில் சேமித்துத் தாமாக விழுங்குவது அல்ல. காயத்துக்குச் சுத்தமான துணிக்கட்டு, பிளாஸ்டர், சவர்க்காரத் துண்டு.

பாம்புக் கடிக்கென்று பிளேட்டும் கயிறும் வைக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளத்தில் கண்ணாடிப் புடையன் மேட்டுக்குத்தான் ஏறும், மனிதரும் அங்கேதான் ஏறுகிறார்கள், ஆகவே பயம் நியாயம். ஆனால் கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் மருந்து. பையில் இதற்கு இடம் தேவையில்லை.

சின்ன சிப் பையில் காசு, நூறும் ஐந்நூறுமாக. ஐயாயிரத்துக்கு அந்த இரவில் யார் மாற்றித் தருவார்கள்? ஒரு மட்டையில் தகப்பனின் இலக்கம், கிராம அலுவலரின் இலக்கம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸின் 1990. பென்சிலால் எழுதியது, நனைந்தாலும் கரையாது. பட்டன் போன் ஒன்று, நாலைந்து நாள் சார்ஜ் நிற்கும். பவர் பாங்க் வாங்கினால் அதில் அச்சிட்டிருக்கும் அளவில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றவும் வேண்டும். பெண்களுக்கான நாப்கின் ஒரு பக்கற். இதைப் பட்டியலில் எழுத ஆண்கள் பொதுவாக மறக்கிறார்கள்.

தறப்பாளை என்ன செய்வது என்பதில் தகப்பனோடு நெடுநேரம் பேசவேண்டியிருந்தது. தறப்பாளுக்குக் கீழே எத்தனையோ மாதம் சீவித்த மனிதரிடம் அதைப் பைக்குள் வைக்கவேண்டாம் என்று சொல்வது லேசில்லை. கடைசியில் அது வீட்டில் தனியாக, சைக்கிள் கரியரில் கட்டத் தயாராக மடித்து வைப்பதென்று ஆனது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு முதல் இரவில் கூரை கிடைக்கும், காய்ந்த துணிதான் கிடைக்காது.

பைக்கு வெளியே இரண்டு விஷயம். ஒன்று, பொல்லு. கட்டில்லாத கிணறும் வாய்க்காலும் வெள்ளத்தில் தெரியாது. முன்னால் போகிறவர் குத்திப் பார்த்துத்தான் அடியெடுக்கவேண்டும். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி ஆழம் என்றாலும் வளர்ந்தவரைச் சாய்த்துவிடும். இரண்டு, குறுக்குப்பாதை வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் பல வருடமாக நடந்தாலும், வெள்ளம் மண்ணை அரித்துப் புதைந்ததை வெளியே கொண்டுவரும். தெரிந்த வீதியை விட்டு இறங்கக்கூடாது, தண்ணீர் கொண்டுவந்து போட்ட இரும்பைப் பிள்ளைகள் தொடக்கூடாது.

மறுபடியும் வெள்ளம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் புரட்டியபோது இந்தக் குடும்பம் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. இம்முறை இருட்டுமுன்பே. உடுப்பு காய்ந்தபடி இருந்தது, கிளினிக் பிரதி வைத்தியரின் கையில் போனது. போனுக்கு சிக்னல் இல்லாததால் இலக்கம் எழுதிய மட்டை முதல் நாள் பயன்படவில்லை. தகப்பனோடு முன்கூட்டியே பேசி வைத்த சந்திப்பு இடம்தான் பயன்பட்டது: பள்ளிக்கூடம் அல்லது கோயில் மடம், இரண்டில் ஒன்று.

ஆனால் பையனுக்கு இப்போது பதினெட்டு வயது, பழைய பாக் அவன் தோளுக்குப் போதாது. சின்னவள் பத்து வயதுப் பிள்ளை, தன் உடுப்பைத் தானே தூக்குகிறாள். அம்மம்மா இன்சுலினுக்கு மாறிவிட்டார். பாவனையில் உள்ள குப்பி 30 பாகைக்குக் கீழே நாலு கிழமை வரை தாங்கும், திறக்காத குப்பிகளுக்குத்தான் குளிர்சாதனப் பெட்டியின் 2 முதல் 8 பாகை தேவை. மின்சாரம் போன பிறகு வீட்டில் மிஞ்சிய இரண்டு குப்பிகளை என்ன செய்வது என்று தெரியாமல் தாய் ஐஸ் கட்டியோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்தார். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது, அந்த இரண்டும் வீணாகின. இப்போது குசினி மூலையில் ஈர மணல் போட்ட சின்ன மண் முட்டி இருக்கிறது, குப்பிகள் சிப் பைக்குள் அதில் இறங்கும். பைக்குள் போவது பாவனையில் உள்ள ஒரு குப்பியும் ஊசிகளும் ஈரத்துணி சுற்றிய சின்னப் போத்தலும் மட்டும். ஐப்பசிக் கிளினிக் முடிந்து வருகிற அன்றைக்கு முழுப் பையையும் பாயில் கொட்டிப் பார்ப்பதென்று தாய் கலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார். பக்கத்து வளவில் தனியாக இருக்கும் வயதான ஐயாவின் பையையும் அதே நாளில் பார்க்கவேண்டும் என்று எங்கள் குழுவிடம் கேட்டிருக்கிறார், அவருக்குப் பை தூக்க ஆள் யார் என்பதையும் சேர்த்து.